முகப்பரு ஏன் வருகிறது? வடை மீது பழி, முகத்தில் களிம்பு!

முகப்பரு எட்டிப் பார்க்காத வீடு இல்லை. 12 வயதிலிருந்து 24 வயதுக்குள் 100 பேரில் சுமார் 85 பேருக்கு ஏதாவது ஓர் அளவில் பரு வருகிறது என்று தோல் டாக்டர்கள் கணக்குச் சொல்கிறார்கள். ஒருவருக்கு நெற்றியில் நாலு. இன்னொருவருக்குக் கன்னம் முழுவதும். சிலருக்கு முதுகிலும் மார்பிலும் வரும்.

இத்தனை பேருக்கு வரும் தொல்லை இது. ஆனால் இதற்கு வீட்டில் சொல்லப்படும் காரணங்கள் பெரும்பாலும் தவறு.

"எண்ணெய்ப் பலகாரம் தின்றாய் அல்லவா, அதுதான்!" என்பார் அம்மா.

"முகத்தை ஒழுங்காகக் கழுவினால்தானே!" என்பார் அப்பா.

"உடம்பெல்லாம் சூடு. எண்ணெய் தேய்த்துக் குளி" என்பார் பாட்டி.

"யாரையோ நினைத்துக்கொண்டிருக்கிறாள், பாட்டி!" என்று கேலி செய்வாள் அத்தை மகள்.

காரணத்தைத் தவறாகச் சொன்னால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். சில வீடுகளில் முழுகத்தான் செய்கிறது. தவறான காரணம், தவறான வைத்தியத்தில் கொண்டுபோய் விடுகிறது. இந்தியாவில் அந்த வைத்தியம் ஒரு சிறு டியூப்பில் அடைபட்டிருக்கிறது. விலை அதிகம் இல்லை. தடவினால் மூன்று, நாலு நாளில் முகம் பளபளக்கும். சில மாதங்களில் முகமே கெட்டுவிடும்.

அந்த டியூப்பின் கதையைப் பின்னால் பார்ப்போம். முதலில், பரு எப்படி உண்டாகிறது?

தோலுக்குள் நடப்பது

நம் தோலில் கண்ணுக்குத் தெரியாத சின்னத் துவாரங்கள் ஏராளம். ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு மயிரின் வேர் இருக்கிறது. வேரை ஒட்டி ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. அதில் ஊறும் எண்ணெய், துவாரத்தின் வழியே மேலே வருகிறது. தோல் காய்ந்து வெடிக்காமல் காப்பது இதுதான்.

வாலிபப் பருவம் வந்ததும் உடம்பில் சில ஹார்மோன்கள் அதிகமாகச் சுரக்கின்றன. 'ஆண் ஹார்மோன்' என்று இவற்றுக்குப் பெயர். பெயர் அப்படி இருந்தாலும் பெண்கள் உடம்பிலும் இவை கொஞ்சம் உண்டு. இவை எண்ணெய்ச் சுரப்பியைப் பெரிதாக்குகின்றன. எண்ணெய் கூடுதலாக ஊறுகிறது. அதே சமயத்தில், துவாரத்தின் உட்சுவரிலிருந்து உதிரும் செத்த தோல் துணுக்குகள் வெளியே வராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. துவாரத்துக்குத் தக்கை போட்டதுபோல் ஆகிவிடுகிறது.

உள்ளே எண்ணெய் தேங்குகிறது. ஒரு வகைக் கிருமி அங்கே பெருகுகிறது. இது வெளியிலிருந்து வந்த கிருமி இல்லை. எல்லோருடைய தோலிலும் எப்போதும் குடியிருப்பது. பரு இல்லாதவர் தோலிலும் இருக்கிறது. எண்ணெய் தேங்கிய இடம் அதற்கு வசதியாகிவிடுகிறது. உடம்பு அதை எதிர்க்கிறது. தோல் சிவக்கிறது, வீங்குகிறது, சீழ் வைக்கிறது. அதுதான் பரு.

ஹார்மோன்தான் முக்கியக் காரணம் என்பதை அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற ஆராய்ச்சியாளர் 1941-ம் ஆண்டில் வெளியிட்டார். வாலிபப் பருவத்துக்கு முன்பே விதையை இழந்த ஆண்களுக்குப் பரு வரவில்லை என்று அவர் கண்டார். ஆண் ஹார்மோனை மருந்தாகக் கொடுத்தபோது அவர்களில் சிலருக்குப் பரு வந்தது!

பரம்பரைக்கும் பெரிய பங்கு உண்டு. பிரிட்டனில் 1,500-க்கு மேற்பட்ட ஜோடி இரட்டைச் சகோதரிகளைப் பார்த்து 2002-ம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. ஒருவருக்குப் பரு வருவதும் இன்னொருவருக்கு வராததும் பெரும்பாலும் பிறவியிலேயே அமைந்தது என்று அதில் தெரிந்தது. பையனின் பருவைப் பார்த்துத் திட்டும் அப்பா, தம் கல்யாணத்துக்கு முந்தைய போட்டோவைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கலாம்.

நேற்றுத் தின்ற வடை

இதில் எல்லோரும் மறந்துவிடும் விஷயம் ஒன்று உண்டு. அது காலம்.

துவாரம் அடைபடுவதும், உள்ளே எண்ணெய் சேர்வதும், பிறகு வீங்குவதும் ஒரு நாளில் நடப்பதில்லை. பல வாரங்கள் ஆகின்றன. இன்று காலை கண்ணாடியில் தெரியும் பருவுக்கு ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்கு முன்பே அடிப்படை விழுந்திருக்கும்.

நேற்று மாலை வடை தின்றான். இன்று காலை பரு தெரிந்தது. உடனே வடைதான் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். வடை தின்று பரு வராத நாட்களை யாரும் கணக்கில் எழுதி வைப்பதில்லை.

அப்படியானால் உணவுக்கும் பருவுக்கும் சம்பந்தமே இல்லையா? டாக்டர்களே இதில் ஒரு காலத்தில் ஒரேயடியாக "இல்லை" என்றார்கள். 1969-ம் ஆண்டில் அமெரிக்காவில் 65 பேருக்கு நாலு வாரம் தினமும் சாக்லேட் கொடுத்துப் பார்த்தார்கள். இன்னொரு நாலு வாரம், சாக்லேட் கலக்காத மிட்டாயைக் கொடுத்தார்கள். இரண்டிலும் பரு ஒரே மாதிரிதான் இருந்தது. "சாக்லேட் நிரபராதி" என்று தீர்ப்பாயிற்று.

அந்த ஆராய்ச்சிக்கு உதவியவர்கள் சாக்லேட் உற்பத்தியாளர்கள்! அது மட்டும் இல்லை. சாக்லேட் இல்லாத அந்த மிட்டாயிலும் சர்க்கரையும் கொழுப்பும் அதே அளவுக்கு இருந்தன. சர்க்கரையைச் சர்க்கரையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் எங்கிருந்து தெரியும்?

பிறகு வேறு செய்திகள் வந்தன. பப்புவா நியூகினி நாட்டில் கிடாவா என்று ஒரு தீவு இருக்கிறது. அங்குள்ள மக்கள் கிழங்கு, பழம், மீன், தேங்காய் சாப்பிடுகிறவர்கள். அவர்களில் 1,200 பேரைப் பரிசோதித்தார்கள். ஒருவர் முகத்தில்கூடப் பரு இல்லை. இது 2002-ம் ஆண்டில் வெளிவந்தது. (தேங்காய் தின்றால் பரு வரும் என்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.) ஆனால் அவர்களுடைய பரம்பரை வேறு, வேலை வேறு. உணவு மட்டும்தான் காரணம் என்று இதைக்கொண்டு சொல்லிவிட முடியாது.

ஆஸ்திரேலியாவில் 2007-ம் ஆண்டில் இன்னொரு சோதனை வெளிவந்தது. பரு உள்ள 43 வாலிபர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு, ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாத உணவைக் கொடுத்தார்கள். 12 வாரத்தில் அவர்களுடைய பரு மற்றவர்களைவிட அதிகமாகக் குறைந்தது.

பால் அதிகம் குடிக்கிறவர்களிடம் பரு கொஞ்சம் கூடுதல் என்றும் சில கணக்குகள் காட்டுகின்றன. ஆனால் அமெரிக்கத் தோல் டாக்டர்கள் சங்கம் 2024-ம் ஆண்டில் வெளியிட்ட சிகிச்சை முறையில், பருவுக்கென்று ஒரு பத்தியத்தை உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சான்று போதாது என்றே கூறியிருக்கிறது.

ஆக, கண்டிக்க வேண்டுமானால் வடையைவிடச் சர்க்கரை போட்ட குளிர்பானத்தைக் கண்டிப்பது மேல். ஆனால் வளரும் பிள்ளைக்குப் பாலை நிறுத்தி, முட்டையை நிறுத்தி, நிலக்கடலையை நிறுத்தி, மோர்ச்சோறு போட்டு உட்கார வைப்பதற்கு நியாயம் ஏதும் இல்லை.

கறுப்பு, அழுக்கா?

மூக்கின் மேலும் பக்கத்திலும் சிலருக்குக் கரும்புள்ளிகள் இருக்கும். பார்த்தால் அழுக்குப்போலவே இருக்கும். ஆனால் அது அழுக்கு இல்லை. தக்கை போட்ட துவாரத்தின் வாய் திறந்திருக்கிறது. தோலுக்கு நிறம் கொடுக்கும் பொருள் அந்தத் தக்கையிலும் இருக்கிறது. காற்றுப் பட்டுக் கறுத்துப் போகிறது. உரித்த வாழைக்காய் கறுப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

இது தெரியாமல் பெண்கள் நாளைக்கு ஆறு தடவை சோப்புப் போடுகிறார்கள். பையன்கள் பீர்க்கங்கூட்டால் தேய்க்கிறார்கள். தேய்க்கத் தேய்க்கத் தோல் எரிச்சல் கண்டு பரு அதிகமாகிறது. காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை, வியர்த்தால் இன்னொரு தடவை மென்மையாகக் கழுவினால் போதும்.

எலுமிச்சம்பழச் சாறும் பற்பசையும் எரிச்சலைத்தான் கொடுக்கும். கிள்ளுவதும் பிதுக்குவதும் குழியும் தழும்பும் விழ வழி செய்யும்.

சூடு என்கிறார்களே! வெயில் காலத்தில் வியர்வையும் புழுக்கமும் சேர்ந்து சிலருக்குப் பருவை அதிகப்படுத்துவது உண்மை. ஆனால் மாம்பழம் தின்றதால் உள்ளே சூடு ஏறி, அது பருவாக வெளியே வருகிறது என்பது சரியில்லை. மாங்காய்ப் பால் உதட்டோரம் பட்டுப் புண்ணாவது உண்டு. அது வேறு, பரு வேறு.

பாட்டி சொல்லும் எண்ணெய்க் குளியலில் ஒரு சின்ன ஆபத்தும் இருக்கிறது. தலைக்கு வைத்த எண்ணெய் வழிந்து நெற்றியில் இறங்கினால், சிலருக்கு அங்கே துவாரம் அடைத்துச் சின்னச் சின்னப் பருவாகக் கிளம்பும். தலைக்கு எண்ணெய் வைக்கலாம். நெற்றியில் வழிந்ததைத் துடைத்துவிட வேண்டும்.

நினைப்பின் மீது ஒரு பழி

எல்லாவற்றிலும் கொடுமையானது, பருவைப் பிள்ளைகளின் நடத்தையோடு முடிச்சுப் போடுவது. "கெட்ட நினைப்பு", "கெட்ட பழக்கம்" என்று பெரியவர்கள் ஜாடையாகப் பேசுகிறார்கள். பருவம் வரும் வயதும் பரு வரும் வயதும் ஒன்று. இரண்டுக்கும் காரணம் ஒரே ஹார்மோன்கள். ஒரே வண்டியில் வந்து இறங்கிய இரண்டு பேரில், ஒருவர் மற்றவரை அழைத்து வந்தார் என்று சொல்வதைப் போன்றது இந்தப் பேச்சு.

"கல்யாணம் ஆனால் போய்விடும்" என்பதும் இதே தவறுதான். பலருக்கு இருபது வயதைத் தாண்டினால் பரு தானே குறைகிறது. கல்யாணமும் அந்தச் சமயத்தில் நடக்கிறது. புகழ் கல்யாணத்துக்குப் போய்விடுகிறது! கல்யாணம் ஆகி, குழந்தை பெற்று, முப்பது, முப்பத்தைந்து வயதிலும் பருவோடு இருக்கும் பெண்கள் பலர். அவர்களில் யாருக்காவது மாதவிலக்குத் தள்ளிப் போனாலோ, முகத்தில் மயிர் வளர்ந்தாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். சினைப்பையில் கோளாறு இருக்கலாம்.

கேலி செய்கிறவர்களுக்கு அது ஒரு நிமிஷத்துப் பேச்சு. பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. பரு என்று டாக்டரிடம் போனவர்களின் பல வருஷக் குறிப்புகளைப் பிரிட்டனில் அலசிப் பார்த்தார்கள். முதல் ஒரு வருஷத்தில் அவர்களுக்கு மனச்சோர்வு நோய் வரும் வாய்ப்பு, பரு இல்லாதவர்களைவிட 63 சதவிகிதம் அதிகமாக இருந்தது. இது 2018-ம் ஆண்டில் வெளிவந்தது. கல்லூரிக்கு முகத்தை மூடிக்கொண்டு போகும் பெண்ணும், கல்யாண வீட்டுக்கு வரமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொள்ளும் பையனும் நமக்குத் தெரியாதவர்கள் அல்ல.

இப்படி வெட்கப்பட்டுக் கிடக்கும் பிள்ளைதான் கடைசியில் அந்த டியூப்பை வாங்குகிறது.

மூன்று நாள் மாயம்

"அண்ணே, முகத்தில் பரு. ஏதாவது ஒரு க்ரீம் கொடுங்கள்."

"இதைப் போடு தம்பி. நாலே நாளில் போய்விடும்."

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. நாலே நாளில் சிவப்பு அடங்கிவிடும். முகம் ஒரு சுற்று வெளுத்தும் தெரியும். தோழிகள் கேட்பார்கள். அவர்களும் வாங்குவார்கள்.

அந்தக் களிம்பில் இருப்பது 'ஸ்டீராய்டு' என்ற மருந்து. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று பல வகை உண்டு. கரப்பான் முதலிய தோல் நோய்களுக்கு டாக்டர் பார்த்துக் கொடுத்தால் இவை அருமையான மருந்துகள். பருவுக்கு இவை மருந்து இல்லை.

ஸ்டீராய்டு ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. வீக்கத்தை அமுக்குகிறது. அதனால்தான் சிவப்பு மறைகிறது. ஆனால் துவாரத்தில் இருக்கும் தக்கையை அது தொடுவதில்லை. பரு வருவது வாரக் கணக்கு என்று மேலே பார்த்தோம். உள்ளே அடுத்த பரு தயாராகிக்கொண்டிருக்கும். மேலே பளபளப்பு!

தொடர்ந்து தடவினால் தோல் மெலிகிறது. சின்ன ரத்தக் குழாய்கள் வெளியே தெரிகின்றன. பெண்கள் முகத்திலும் மயிர் அடர்ந்து வளரலாம். வெயில் பட்டால் எரிகிறது. ஸ்டீராய்டே புதிதாகப் பருவைக் கிளப்புகிறது.

நிறுத்தினால் தொலைந்தது. முகம் செக்கச் சிவந்து, எரிந்து, அரித்து, பரு கொத்துக் கொத்தாக வெடிக்கிறது. பயந்துபோய் மறுபடியும் தடவுகிறார்கள். மறுபடியும் அடங்குகிறது. குடிகாரர் மறுநாள் காலைத் தலைவலிக்கு இன்னொரு கிளாஸ் குடிப்பதைப்போல் ஆகிவிடுகிறது.

எத்தனை பேர் இப்படி? இந்தியாவில் 12 தோல் சிகிச்சை நிலையங்களில் இதைக் கணக்கெடுத்து 2011-ம் ஆண்டில் வெளியிட்டார்கள். முகத்தில் தொல்லை என்று வந்த 2,926 பேரை விசாரித்தார்கள். அவர்களில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டுக் களிம்பு தடவிக்கொண்டிருந்தார்கள். ஏழு பேருக்கு ஒருவர்! இந்த 433 பேரில் 392 பேருக்குக் கெடுதல் ஏற்பட்டிருந்தது. அதில் முதலிடம் எதற்கு? பருவுக்குத்தான். 257 பேருக்கு அந்தக் களிம்பைச் சொல்லிக் கொடுத்தவர் டாக்டரே இல்லை.

சட்டம் வந்தது

முன்பு இந்தக் களிம்புகளுக்குச் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும் என்ற மருந்துப் பட்டியலில் ஸ்டீராய்டு இருந்தது. ஆனால் மேலே தடவும் மருந்தாக இருந்தால் விலக்கு உண்டு என்று எழுதியிருந்தார்கள்.

தோல் டாக்டர்கள் இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தார்கள். 2018-ம் ஆண்டு மார்ச் மாதம் மத்திய சர்க்கார் அந்தச் சந்தை அடைத்தது. 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று உத்தரவு பிறந்தது.

உத்தரவு பிறந்தது, பழக்கம் சாகவில்லை. சீட்டுக் கேட்காமல் எடுத்துக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. படர்தாமரைக்கென்று அண்ணன் வாங்கிய கூட்டு மருந்துக் களிம்பு, வீட்டு அலமாரியில் இருக்கிறது. தங்கை அதை எடுத்து முகத்தில் போடுகிறாள். 'சிவப்பழகு' என்று சொல்லி விற்கப்படும் சில களிம்புகளிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. நாலு நாளில் போக வேண்டும் என்று கேட்பவர்களும் நாம்தான்.

வீட்டில் இருக்கும் டியூப்பை எடுத்துப் பாருங்கள். பெயர் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கஷ்டமாக இருக்கும். படித்தவர் யாரிடமாவது காட்டுங்கள். மருந்தின் பெயர் 'சோன்' என்றோ 'சோலோன்' என்றோ முடிந்தால் பெரும்பாலும் ஸ்டீராய்டுதான். 'குளோபெட்டசால்' என்பதோ 'சால்' என்று முடியும். பல மாதமாகத் தடவி வருகிறவர்கள் பயந்து தாங்களே சட்டென்று நிறுத்திவிட வேண்டாம். டாக்டரிடம் டியூப்போடு போனால், எப்படிப் படிப்படியாக விடுவது என்று சொல்லுவார்.

பருவுக்கு மருந்து உண்டா?

உண்டு. பென்சாயில் பெராக்சைடு என்ற மருந்து கிருமியைக் குறைக்கிறது. அடாபலீன் என்ற மருந்து துவாரத்தின் அடைப்பை எடுக்கிறது. கடுமையான பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் என்ற மாத்திரை இருக்கிறது. மிகவும் பலன் தரும். ஆனால் கர்ப்பமாக இருக்கும்போது சாப்பிட்டால் குழந்தை ஊனமாகப் பிறக்கலாம். அதனால் டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் தொடக்கூடாது. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. காலையில் போய்ச் சீட்டு வாங்கினால் பார்க்கலாம்.

இந்த மருந்துகள் எதுவும் நாலு நாளில் வேலை செய்யாது. பருவுக்கு வாரக் கணக்கு என்றால் மருந்துக்கும் வாரக் கணக்குதான். ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். ஆரம்பத்தில் தோல் கொஞ்சம் காயும், உரியும், சிலருக்குப் பரு கூடியதுபோலவும் தெரியும். இரண்டாவது வாரத்தில் "இந்த டாக்டர் சரியில்லை" என்று டியூப்பைத் தூக்கி எறிகிறவர்கள்தான் அதிகம்.

தடவும் அளவும் முக்கியம். அடாபலீனைப் பரு வந்த இடத்தில் மட்டும் புள்ளி வைப்பது வீண். பரு வரும் பகுதி முழுவதும் மெல்லியதாகத் தடவ வேண்டும். ஒரு பட்டாணி அளவு மருந்து முழு முகத்துக்கும் போதும். இரவில்தான் போட வேண்டும். பென்சாயில் பெராக்சைடு துணியில் பட்டால் சாயம் வெளுத்துவிடும். அதனால் தலையணைக்கு வெள்ளை உறை போட்டுக்கொள்வது நல்லது.